எட்டு நொடிக்கு மேல்

"இங்க வந்தா வாயடிக்குது. ஊட்டுக்குக் கொண்டுபோனா ஊமையாயிருது. அப்ப எனக்குத்தான் கிறுக்குன்னு எழுதிக் குடுத்துருங்க அம்மிணி, நான் போயிடறேன்."

ருக்குமணி இதைச் சொன்னபோது அழவில்லை. உடுமலையிலிருந்து மூன்றாவது தடவையாக பஸ் ஏறி வந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் துண்டில் சுற்றிய போன். எதிரே உட்கார்ந்திருந்த கனகமணி புகார்ப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கிறுக்குன்னு இங்க யாருங்க சொன்னாங்க? என்ன பண்ணுதுன்னு மறுபடி ஒருக்கா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"கேட்டா பேசறதில்ல. அது ஒண்ணு. இன்னொண்ணு..." ருக்குமணி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆருமில்லாதப்ப பேசுது. நான் பின்னால துணி துவைச்சுட்டு இருப்பேன், முன்னறையில என்ற புள்ள குரல் கேக்கும். சோப்புக் கையோட ஓடியாந்து பாத்தா கம்முனு கெடக்குது. மாப்பிள்ளை சொல்றாரு, அத்தே, போனவளைத் தூங்க உடுங்கன்னு."

"என்ன பேசுச்சு?"

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுருதுங்களே."

தொடர்பற்ற ஒலி என்று கனகமணி குறித்துக்கொண்டாள். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது.

கோயமுத்தூரில் காளப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சோதனைக்கூடத்துக்கு வேலை ஒன்றுதான். சந்தைக்கு வரும் கம்ப்யூட்டரையும் போனையும் ஒரே அறையில், ஒரே மாதிரி வேலையைக் கொடுத்து ஓட விடுவது. எது எத்தனை நொடியில் முடிக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று அளந்து மதிப்பெண் போடுவது. கனகமணி இருபத்தாறு வருடமாக அதைச் செய்கிறாள். நான்கு வருடமாகத்தான் இந்தத் 'துணை' போன்கள். ஒருவர் உயிரோடு இருக்கும் காலமெல்லாம் அவர் சட்டைப்பையில் கிடந்து அவர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் போன பிறகு அவர் குரலில் வீட்டாரோடு பேசும். பதிவு எதுவும் போனை விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம். ஆகவே ஒரு முழு மனிதரைப் பேச வைக்கிற வேலையை உள்ளே இருக்கும் ஒரு சிறு சில்லு, அதாவது சிப், தனியாகச் செய்தாக வேண்டும். அந்தச் சில்லின் சாமர்த்தியத்துக்குத்தான் மதிப்பெண்.

இரும்புத் தகடு போர்த்திய அறைக்குள் ருக்குமணியைக் கூட்டிப்போனாள். இருபத்து மூன்று டிகிரி குளிர். மேசையில் தக்கைப் பலகை, அதன் மேல் போன். ருக்குமணியின் விரலில் நாடி பார்க்கும் கவ்வியை மாட்டினாள். பிறகு அட்டையில் இருந்த நாற்பது கேள்விகளில் முதலாவதை வாசித்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை. அம்மா, சந்தைக்குப் போகலியா நீ? வெயிலுக்கு முன்னால போயிட்டு வந்துரு." ஒரு நொடி கூட ஆகவில்லை. இளம்பெண்ணின் குரல், சிரிப்பு ததும்புகிற குரல்.

ருக்குமணி இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேள்விகள் முடிவதற்குள் அவருடைய நாடி தொண்ணூற்றாறிலிருந்து எழுபத்து நாலுக்கு இறங்கிவிட்டது. அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆறுதல் மதிப்பெண் என்று பெயர்.

"பாத்தீங்களா, நல்லாத்தான பேசுது."

"அதைத்தான அம்மிணி நானும் சொல்றேன்."

பழுதில்லை என்று எழுதிக் கனகமணி கையெழுத்துப் போட்டாள். அப்படி அவள் போட்ட நாற்பத்தோராவது கையெழுத்து அது. தெரியாமல் போட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. கடந்த ஏழு வாரங்களாக அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஏழு வாரங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், அவள் தன் வீட்டுக்காரரின் போனை அந்த அறைக்குள் கொண்டுபோனாள். சொந்த போனை உள்ளே கொண்டுபோகக்கூடாது என்பது விதி. எல்லாருடைய போனும் வெளியே பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அந்த விதியை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் வீட்டுக்காரர் துரைசாமி, கணபதிப் பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிறவராக இருந்தவர். பேச்சு குறைவு. கண்ணாடி எங்க வெச்சே, திருப்புளி எங்க வெச்சே, இதற்கு மேல் வீட்டில் அவர் பேசியது சொற்பம். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அந்தப் போன் எதைக் கேட்டாலும் "ம்" என்றது, அல்லது ஒன்றுமே சொல்லாமல் கிடந்தது. கோளாறாக இருக்கும் என்றுதான் கொண்டுபோனாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாக்கிழமை, கனகு. விரதம்னு வெறும் வயித்தோட வேலை பாக்காத. ஒரு வாய் மோராவது குடி."

கனகு! முப்பத்தோரு வருடத்தில் கூப்பிடாத பேர். அவள் தக்கைப் பலகை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அட்டையில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள். ஒன்றரை வருடமாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி.

அவர் இறந்த அன்றைக்கு அவள் இதே அறைக்குள் இருந்தாள். பூட்டிய பெட்டிக்குள் அவளுடைய போன் மூன்று தடவை அடித்திருக்கிறது. இரண்டு பத்துக்கு, இரண்டு பன்னிரண்டுக்கு, இரண்டு பதினைந்துக்கு. மூன்றும் அவர். வெளியே வந்து பார்த்துத் திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது சமையலறைத் தரையில் கிடந்தார்.

"அன்னிக்கு எதுக்குங்க என்னைக் கூப்ட்டீங்க?"

"உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு, கனகு. வேற ஒண்ணுமில்ல. வலியெல்லாம் இல்ல. நீ எடுக்காததுக்கு வருத்தப்படாத."

சோதனைக்காரியின் புத்தி அழுகைக்கு நடுவிலும் வேலை செய்தது. மூன்றாவது கேள்வி தாண்டியதும் போனின் முதுகு தோசைக்கல்லாகக் கொதித்தது. பதினெட்டாவது நிமிடம், நாற்பது கேள்வி வாசித்து முடிக்கிற நேரம், சட்டென்று ஆறி மறுபடி "ம்" ஆனது. குளிர் அறை, வெளி அலை எதுவும் இல்லாத இரும்புச் சுவர், வரிசை மாறாத கேள்விகள்: இவற்றை வைத்து, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அது கண்டுகொள்கிறது. அப்போது மட்டும் முழு மூச்சாக ஓடுகிறது. வீட்டில் அப்படி ஓடினால் பேட்டரி அரைமணியில் காலி, கையைச் சுடும், ஆகவே அங்கே சில்லின் ஒரு மூலையை மட்டும் விழிக்க விட்டு மற்றதைத் தூங்க வைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் பாடம் நடத்துகிற வாத்தியார் மாதிரி.

இது பழைய தில்லுமுல்லு. சாதாரண போன்களில் இதைச் செய்த ஐந்து மாடல்களை அவளே கண்டுபிடித்துத் தள்ளியிருக்கிறாள். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ருக்குமணி வந்துபோன மறுநாள், வெள்ளிக்கிழமை, அவள் அறையை விட்டு வெளியே வந்தபோது நசீமா வாசலிலேயே நின்றிருந்தாள். பத்து வருடமாகக் கூட வேலை செய்கிறவள்.

"என்னம்மா, சாப்பிடப் போகலியா?"

"நீங்கதான் சாப்பிடறதே இல்லையேக்கா. செவ்வாயும் வெள்ளியும் உங்க டிபன் பாக்ஸு வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் போகுது. அவரு தொப்பையைப் பாத்தீங்களா? ஏழு வாரத்துல சட்டை பட்டன் போட முடியல."

கனகமணி சிரிக்கப் பார்த்தாள். நசீமா சிரிக்கவில்லை.

"அறை இழுக்கற கரண்ட்டைப் பாத்தேன். ஆளில்லாத நேரத்துல பதினெட்டு நிமிஷம், பதினெட்டு நிமிஷமா ஏறி எறங்குது. அப்புறம் அறைக்குள்ள பேசறது பதிவாகுமே, அதைக் கேட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"கேட்டுட்டே இல்ல? அப்புறம் என்ன."

"திங்கக்கிழமை புது மாடலுக்கு நீங்க கையெழுத்துப் போடணும். இந்தக் கோல்மால் அதுலயும் இருக்குது. போட்டீங்கன்னா இன்னும் எத்தனையோ வீட்டுக்கு இது போகும். அந்த உடுமலையம்மா நாலாவது தடவை வருவாங்க. அப்ப அவங்க மாப்பிள்ளை கிறுக்குன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு."

"எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமா நசீமா? மறுநாளே கம்பெனிக்காரன் அப்டேட் அனுப்பி இந்தத் தில்லுமுல்லை எடுத்துருவான். எல்லாப் போனும் எல்லா எடத்துலயும் 'ம்'முனு ஆயிரும். இவரும்தான். இவரை எனக்கு இந்த அறைக்குள்ளதான் தெரியும். இங்கதான் நல்லாப் பேசறாரு."

நசீமா அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அவரு உசுரோட இருந்தப்ப உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?"

"எப்படின்னா... 'இந்தா'ன்னுதான். அந்தக் காலத்து மனுசன்."

"கனகுன்னு?"

"மனசுக்குள்ள அப்படி நெனச்சிருப்பாரு."

"மனசுக்குள்ள நெனச்சது எந்த மைக்குலயும் விழாதுக்கா."

நசீமாவே தொடர்ந்தாள், மெதுவாக, காயத்தைக் கழுவுகிறவள் மாதிரி.

"சில்லைப் பிரிச்சுப் பாத்தேன். அது ரெண்டு வேலை பண்ணுது. ஒண்ணு, அவங்க விட்டுட்டுப் போன பதிவையெல்லாம் தோண்டிப் பதிலை எடுக்கறது. இன்னொண்ணு, எடுத்த பதிலை, கேக்கறவங்க நாடி எறங்கற மாதிரி மாத்திச் சொல்றது. அந்த ரெண்டாவது வேலைக்குத்தான் கரண்ட் எக்கச்சக்கமா வேணும். ஏன்னா அதுக்கு நாம மார்க் போடறோம். அந்த ஆறுதல் மார்க்கைச் சேக்கணும்னு கமிட்டில சொன்னது நீங்கதானேக்கா?"

"நான்தான்." வரும் தாய்மார்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் போதாது என்று அவள்தான் வாதாடினாள்.

"வீட்ல அது சோம்பேறியாத்தான் கெடக்குது. ஆனா பொய் சொல்றதுக்கு அங்க அதுக்குத் தெம்பு இல்ல. அந்தக் கேள்வியை வீட்ல கேட்டீங்களா?"

"எத்தனையோ தடவை. பதிலே வரல."

"எத்தனை நேரம் பாத்தீங்க?"

"எட்டு நொடி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. எட்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி, அடுத்த கேள்விக்குப் போ. இருபத்தாறு வருடப் பழக்கம். வீட்டிலும், செத்துப்போன புருஷனிடமும், மனசுக்குள் எட்டு எண்ணிவிட்டு அணைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் வேறு ஏதாவது கேட்டிருக்கிறாள். புதுக் கேள்வி வந்தால் பழையதைத் தோண்டுவதை அது நிறுத்திவிடும்.

"எட்டு நொடிங்கறது நம்ம பேப்பர்ல இருக்கற கணக்குக்கா" என்றாள் நசீமா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சரவணம்பட்டி வீட்டில் சித்திரை வெயில் சுவரெல்லாம் ஏறியிருந்தது. கனகமணி போனைக் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடிகாரம் இரண்டு பத்து காட்டியபோது கேட்டாள்.

"அன்னிக்கு எதுக்குங்க என்னைக் கூப்ட்டீங்க?"

ஒன்று, இரண்டு என்று மனசு தானாக எண்ணியது. எட்டு வந்ததும் கையும் தானாகப் போனை நோக்கிப் போனது. கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். பக்கத்து வீட்டில் குக்கர் ஐந்து விசில் அடித்து ஓய்ந்தது. குழாய் சொட்டியது. புறங்கையால் போனைத் தொட்டுப் பார்த்தாள், சூடே இல்லை. வாசலில் கழற்றிப்போட்ட செருப்பு கூட இதைவிடச் சூடாக இருக்கும். ஏழாவது நிமிடம் ருக்குமணியின் சோப்புக் கை நினைவுக்கு வந்தது. ஆளில்லாதபோது பேசுகிறது என்றாரே. யார் சொன்னது ஆளில்லாமல் பேசியது என்று? அம்மா கேட்டதற்குப் பெண் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். தேடி எடுத்துக்கொண்டு வந்தபோது, கேட்டவள் சலித்துப்போய்த் துணி துவைக்கப் போய்விட்டாள். தொடர்பற்ற ஒலி! கட்டம் போட்டுக் குறித்துவைத்தேனே, பாவி.

பதினேழாவது நிமிடம் போன் கரகரத்தது.

"இந்தா."

கனகமணியின் முதுகு நிமிர்ந்தது. அதே குரல்தான். ஆனால் குழைவு எதுவும் இல்லை. கொஞ்சம் மூச்சிரைப்பு, கொஞ்சம் எரிச்சல், வீடெல்லாம் தேடிக் களைத்த மனிதரின் எரிச்சல்.

"மாத்திர டப்பா பிரிஜ்ஜு மேல காணம். எங்க வெச்சே?"

அவ்வளவுதான். பிறகு குழாய் சொட்டுகிற சத்தம்.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. எட்டு வருடமாக ஃபிரிட்ஜ் மேலேயே இருந்த டப்பா. அவர் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் அங்கே எறும்பு வரிசை கட்டியிருந்தது. துடைத்துவிட்டு, டப்பாவை எடுத்து இந்த அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்கு அலமாரிக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. சர்க்கரை டப்பா மேடை மேல் இறக்கி வைத்திருந்தது. காப்பி போட வந்திருக்காரு பாவம் என்று அவள் டாக்டரிடம் சொன்னாள். கொழுந்தனாரிடம் சொன்னாள். கருமாதிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த இரும்பறைக்குள் ஏழு வாரம் அவரிடம் என்னென்னவோ கேட்டாள். மாத்திரை என்ற சொல்லை மட்டும் ஒரு தடவை கூட வாயில் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவளுடைய நாடி ஏறியிருக்கும்.

இப்போது அணைத்துவிடலாம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாளன்றைக்கு அறைக்குள் போனால், கனகு என்று கூப்பிட ஆள் இருக்கும். உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு என்று சொல்ல ஆள் இருக்கும். நசீமா வெளியே சொல்ல மாட்டாள்; அவள் முகத்தில் அது தெரிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேடை மேல் கிடந்தது கறுத்த சின்னப் போன். அன்றைக்கு இரண்டு பதினைந்துக்குப் பிறகு, 'எங்க வெச்சே?' என்ற அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்றரை வருடமாக அது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, எட்டு நொடிக்கு அப்பால்.

கனகமணி குனிந்தாள்.

"சமையக்கட்டுலதாங்க. அலமாரியில மேல் தட்டு. சக்கர டப்பா இருந்ததுக்கு நேர் பின்னால, மூலையில. எறும்பு வந்துச்சுன்னு நேத்து எடுத்து வெச்சேன். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேங்க."

நேற்று என்று சொன்னது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. திருத்தவில்லை. திருத்தினால் புதுக் கேள்வி வந்ததாக எடுத்துக்கொண்டு தேடுவதை விட்டுவிடும்.

முக்காலியை விட்டு நகராமல் கையை நீட்டிப் பையை எடுத்தாள். வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தாள். இந்த மாடலும் இதற்கு முந்தைய மாடலும் சோதனை அறையை அடையாளம் கண்டு நடந்துகொள்கின்றன. பழுதில்லை என்று நான் கொடுத்த நாற்பத்தொரு சான்றும் தவறு. எண்கள் வருமாறு. பையிலிருந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினாள். ஏழு வாரம் தெரிந்தே மறைத்ததையும் எழுதினாள். இனிமேல் பதிலுக்குக் கால வரம்பு வைக்க வேண்டாம் என்றும், ஆறுதல் மதிப்பெண்ணை எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினாள். தாளின் மேல் ஓரத்தில் ருக்குமணியின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள். அவருக்கு முதலில் சொல்ல வேண்டும்: கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்க. என்ன வந்தாலும் எழுந்து போகாதீங்க. வருவது நல்லதாக இருக்கும் என்று மட்டும் சொல்லக்கூடாது.

நான்காவது தாளில் கையெழுத்துப் போட்டபோது வெயில் மேடையை விட்டு இறங்கியிருந்தது. அவள் பதில் சொல்லி இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

போன் கரகரத்தது.

"செரி" என்றார் துரைசாமி. "நீ வேலையப் பாரு."